துண்டறிக்கைக்கு முன்னால் முட்டைக்குக் காசு

(கடந்த மாத இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த இரண்டு விஷயங்களையும் உள்ளேயே சேர்த்திருக்கிறேன். பேச்சுவழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டுவிட்டேன்.)



தாமுவேயிலிருந்து பேசுகிறேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் நான் காணாமல் போனால் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், போனில் திரும்ப வந்துவிடுவேன்.

நம் குழு இந்தக் காலாண்டில் ஒரு வேலை செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறது. யாங்கோனில் இருக்கும் தமிழ்க் கர்ப்பிணிப் பெண்களுக்காக, தமிழிலும் பர்மிய மொழியிலும் ஒரு துண்டறிக்கை. “கர்ப்ப காலத்தில் சத்தான உணவு.” நல்ல தாளில், நல்ல படங்களோடு. யோசனை நல்ல மனசிலிருந்து வந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொதுச் சுகாதாரம் படிக்கிறவள் என்பதால் அதை எழுதித் தரும்படி என்னைக் கேட்டீர்கள். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு நேரம் கேட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். காலையில் வீட்டு வாசலில் இட்லியும் பருப்பு வடையும் போட்டு விற்கிறார். ஆறு மாதம். மூன்றாவது பிள்ளை. போன மாதம் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள், இரத்தசோகை என்றார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். தாளில் பால், முட்டை, மீன், ஈரல், கீரை, ஆரஞ்சுப் பழம். எல்லாம் கலர் படம்.

அக்காவுக்குப் பர்மிய எழுத்து நன்றாகப் படிக்க வரும். என்னிடம் கொண்டுவந்ததற்குக் காரணம் வேறு. “நீ படிக்கிற பொண்ணுதானே, இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் வாங்க முடியும்னா எதை வாங்கட்டும்?” என்று கேட்டார்.

தோழர்களே, நம் துண்டறிக்கையில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. “சத்தாகச் சாப்பிடுங்கள்” என்று சொல்கிற எந்தத் தாளிலும் கிடையாது. முட்டையில் சத்து இருப்பது அக்காவுக்குத் தெரியும். தினமும் மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர் அவர். தெரியாதது ஒன்றுமில்லை, இல்லாததுதான் இருக்கிறது.

கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். கர்ப்பிணி “ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்” என்று வீட்டில் சொல்வார்கள். அளவில் அப்படி இல்லை. நான்காம் மாதத்துக்குப் பிறகு நாளுக்கு ஏறக்குறைய 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒரு கிண்ணம் சோறு, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். ஆனால் கலோரியைப்போலக் கொஞ்சமாகக் கூடாமல், அதைவிட வேகமாகத் தேவை கூடுகிறவை சில உண்டு: இரும்பு, ஃபோலிக் அமிலம், புரதம். இவை சோற்றில் போதிய அளவு கிடையாது. பருப்பு, மீன், முட்டை, கறி, கீரை, பழம் இவற்றில்தான் இருக்கிறது. அதாவது சாப்பாட்டுச் செலவில் மலிவான பாதி வயிற்றை நிரப்புகிறது, விலை கூடிய பாதி பிள்ளையை வளர்க்கிறது. காசு குறையும்போது எந்தப் பாதி முதலில் வெட்டப்படும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மியன்மாரில் குறைந்தபட்சக் கூலி 2018இல் நாளுக்கு 4,800 கியாட் என்று வைத்தார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 2021 பிப்ரவரி 1 அன்று. அதற்கு முன்பு ஒரு டாலர் ஏறக்குறைய 1,330 கியாட். அப்போது அந்தக் கூலி மூன்றரை டாலருக்கு மேல். 2023லும் 2024லும் ஆயிரம் ஆயிரமாகப் படி சேர்த்து 6,800 ஆக்கினார்கள். அதற்குள் வெளிச்சந்தையில் டாலர் 4,500 கியாட் பக்கம் போய்விட்டது. கூலி ஒன்றரை டாலர் ஆகிவிட்டது. எண் ஏறியது, கூலி இறங்கியது. எண்ணெய், மருந்து, எரிபொருள், உரம் எல்லாம் டாலரோடு ஏறின. இத்தனையும் கூலி என்று ஒன்று வாங்குகிறவர்களுக்கான கணக்கு. வாசலில் இட்லி விற்கிறவருக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்றே கிடையாது.

இது ஆட்சிக்கவிழ்ப்போடு தொடங்கியது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2015–16இல் நடந்த தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 47 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 29 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 282 தாய்மார் இறந்தார்கள். தேர்தல் நடந்த, வெளிநாட்டு உதவி வந்த, “வளர்ச்சி” என்று எல்லோரும் பேசிய ஆண்டுகளின் எண்கள் இவை.

இன்னொரு கணக்கு, இது நமக்கு நெருக்கமானது. சென்னையிலும் மதுரையிலும் இட்லிக்கு அரைக்கிற உளுந்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் மிகப் பெரிய பகுதி மியன்மாரிலிருந்துதான். 2021 ஜூனில், ராணுவம் வந்து ஐந்தாவது மாதத்தில், இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன: ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் இந்தியா எடுத்துக்கொள்ளும். சமைந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது நம் வழக்கம். அந்த உளுந்து விளைகிற நாட்டில் பாதிப் பெண்களுக்கு ரத்தம் போதவில்லை. ஏற்றுமதியை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. உளுந்து போடுகிற விவசாயி அந்தக் காசில்தான் பிழைக்கிறார். சத்தான பொருள் இந்த மண்ணில் விளையவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். விளைகிறது. வாங்குகிற கை வேறு.

நேரம், அடுப்பு, கரண்ட்

காசு மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. அக்காவின் நாளைப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டுகிறார். ஒன்பது மணி வரை வியாபாரம். அதுவரை வயிற்றில் ஒரு பால் டீ மட்டும். இரத்தசோகைக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையையும் அந்த டீயோடு போட்டுக்கொள்கிறார், வேறு நேரம் கிடையாது. டீ, மாத்திரையில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. குமட்டினால் வியாபாரம் கெடும். அதனால் சில நாள் மாத்திரையே போடுவதில்லை. கிளினிக் இதற்கு “ஒத்துழைப்பு இல்லை” என்று பெயர் வைக்கிறது.

நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் மீனையோ கறியையோ வாங்கி வைக்க முடியாது. அன்றன்றைக்குக் கொஞ்சமாக வாங்க வேண்டும். கொஞ்சமாக வாங்குகிறவர்தான் எப்போதும் அதிக விலை கொடுக்கிறார். சமைக்கக் கரி வாங்க வேண்டும். ஒரு கிண்ணம் பயறு வேக எவ்வளவு கரி எரியும், அதே கரியில் எத்தனை இட்லி வெந்து காசாகும் என்று அவர் கணக்குப் போடுகிறார். நம் துண்டறிக்கையில் “பயறு வகைகளை வேகவைத்து உண்ணுங்கள்” என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு அடுப்புச் செலவு நாம் போடவில்லை.

கடைசியில் சட்டியில் இருப்பதை யார் முதலில் சாப்பிடுவது? வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமியார், பிறகு அவர். மீன் துண்டு அவர் தட்டுக்கு வருவதற்குள் குழம்புதான் மிச்சம். இதை யாரும் கொடுமையாகச் செய்யவில்லை. அவரே பரிமாறி அவரே ஒதுக்கிவைக்கிறார். நம் அம்மாமார் செய்யாததா?

அட்டை

அடுத்தது அடையாள அட்டை. வெளியே வளர்ந்த தோழர்கள் பலருக்கு இது புதிதாக இருக்கலாம்.

நாம் இங்கே வந்தது பிரிட்டிஷ் காலத்தில். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். செட்டியார்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கிய தெலுங்கு, தமிழ், ஒடியாத் தொழிலாளர்கள் எண்ணிக்கையில் அவர்களைவிட எத்தனையோ மடங்கு. 1942இல் நடந்தே போனவர்கள் போனார்கள். 1963–64இல் ஜெனரல் நே வின் ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கி, பெரிய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்ததும் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் அவர்களுடையது. போக முடியாதவர்களும் போக மனமில்லாதவர்களும் இங்கேயே இருந்தார்கள். தாமுவே அவர்களின் ஊர்களில் ஒன்று.

பிறகு 1982 குடியுரிமைச் சட்டம். 1823க்கு முன்பே இங்கே குடியேறிய இனங்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்களுக்கு முழுக் குடியுரிமை. மற்றவர்களுக்கு இணைக் குடியுரிமை, இயல்புரிமைக் குடியுரிமை என்று கீழ்ப் படிகள். அட்டைக்கும் நிறம் உண்டு: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. இந்திய முகம் உள்ளவர் அட்டை வாங்கப் போனால் “கலப்பு ரத்தம்” என்று தனி வரிசை, கூடுதல் தாள், கூடுதல் காத்திருப்பு, கூடுதல் செலவு. பாட்டியின் தாள் இல்லையென்றால் அம்மாவுக்குச் சிக்கல். அம்மாவுக்குச் சிக்கல் என்றால் பிள்ளைக்குச் சிக்கல்.

இதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2012 சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி காப்பீடு செய்த பெண் தொழிலாளிக்குப் பிரசவ விடுப்பு 14 வாரம், கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் முதலாளி பதிவு செய்திருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும். அட்டை இல்லாதவருக்கு அப்படிப் பதிவு செய்கிற வேலை கிடைப்பதே கஷ்டம். அதனால் வீட்டு வேலை, தெரு வியாபாரம், தினக்கூலி. அங்கே விடுப்பும் இல்லை, 70 சதவீதமும் இல்லை. பிள்ளை பெறுகிற முந்தின நாள் வரை இட்லி ஊற்ற வேண்டும்.

2017இல் சின் மாநிலத்தில் ஒரு நல்ல திட்டம் தொடங்கினார்கள். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கும் மாதம் 15,000 கியாட் கையில். பிறகு ரக்கைன், நாகா பகுதி என்று விரிந்தது. எட்டாத மலைப் பகுதிகளுக்கு முதலில் என்றார்கள், அது நியாயம்தான். படிப்படியாக நாடு முழுக்க வரும் என்றார்கள். ராணுவம் வந்தது. 2021இல் அரசு மருத்துவர்களும் தாதிகளும்தான் முதலில் வேலையை விட்டு வெளியே வந்து ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களை நினைத்து நாம் பெருமைப்படுகிறோம், படவும் வேண்டும். பிறகு அவர்களைக் கைது செய்தார்கள், விரட்டினார்கள். அந்தப் போராட்டத்தின் விலையில் ஒரு பகுதியைக் கர்ப்பிணிகளும் கொடுத்தார்கள், இன்னும் கொடுக்கிறார்கள். இதையும் சேர்த்துச் சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும்.

“அவங்க பழக்கம் அப்படி”

கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கிற ஒரு வாக்கியம்: “பிரச்சினை காசு இல்லை, அவங்க பழக்கவழக்கம்.” பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, பிரசவித்த பிறகு சோறும் உப்பும் கருவாடும் மட்டும். பழக்கத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி இந்த நாட்டில் இன்றும் கைக்குழந்தைகளைக் கொல்கிற நோய். தாய்ப்பாலில் பி1 இல்லையென்றால் இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென இதயம் தளர்ந்து இறந்துவிடும். தாய்லாந்து எல்லையில் கரேன் அகதி முகாம்களில் 1980களின் இறுதியில் கைக்குழந்தை இறப்புக்கு முதன்மைக் காரணம் இதுதான். பி1 கொடுக்கத் தொடங்கிய பிறகு இறப்பு வெகுவாகக் குறைந்தது.

ஆனால் பெரிபெரியின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் “பழக்கம்” என்ற சொல் வேறு மாதிரி தெரியும். அரிசியின் மேல்தோலில்தான் பி1 இருக்கிறது. நீராவி ஆலைகள் வந்து அரிசியைத் தும்பைப்பூவாகத் தீட்டத் தொடங்கிய பிறகுதான் இந்த நோய் கிழக்காசியத் தொழிலாளர்களிடம் பெரிதாகப் பரவியது. மலாயாவில் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். பக்கத்திலேயே தோட்டத்தில் வேலை பார்த்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிது. 1905 வாக்கில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் பாதிப் பேருக்கு ஒரு அரிசி, மீதிப் பேருக்கு இன்னொரு அரிசி என்று கொடுத்துப் பார்த்தார். கேட்டுச் சம்மதம் வாங்காமல் நோயாளிகள் மேல் செய்த சோதனை அது, அதையும் சொல்லிவிடுகிறேன். பச்சரிசி சாப்பிட்டவர்களில் பலர் நோயுற்றார்கள், இறந்தார்கள். மற்றவர்கள் தப்பினார்கள். தப்ப வைத்தது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தோலில் உள்ள சத்து உள்ளே இறங்கிவிடும்.

அதாவது நம் ஆட்களைக் காப்பாற்றியது நம் “பழக்கம்”. யாரும் அவர்களுக்குத் துண்டறிக்கை கொடுக்கவில்லை. இன்றைக்கு நம் தெருவில் வாங்குவது கடையில் மலிவாகக் கிடைக்கிற தீட்டிய அரிசி. பழக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை. எந்த அரிசி எந்த விலைக்குக் கிடைக்கிறது, எந்த ஆலை எப்படித் தீட்டுகிறது என்பதிலிருந்து வருகிறது. பழக்கத்தைத் திட்டுகிறவர் ஆலையைத் திட்டுவதில்லை.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் ஒருவகைக் கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியா, பரம்பரையா என்று பலரும் தேடினார்கள். வில்ஸ் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தார். நம் குன்னூர் ஆய்வகத்திலும் வேலை செய்தார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சத்துக்கு 1940களில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கக் கர்ப்பிணிகள் போடுகிற மாத்திரையின் கதை, ஏழைப் பஞ்சாலைப் பெண்களின் தட்டிலிருந்து தொடங்கியது. அந்தப் பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாத்திரை வந்தது, கூலி வரவில்லை.

என் கட்சிக்கு எதிரான சாட்சி

இதுவரை கேட்டால் “காசு கொடு, பேச்சை நிறுத்து” என்று நான் சொல்வதுபோல் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மியன்மாரின் நடுவறட்சி மண்டலத்தில், 2016க்கும் 2019க்கும் இடையில், இதையே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. சில ஊர்களில் தாய்மாருக்கு மாதாமாதம் பணம் மட்டும். சில ஊர்களில் பணத்தோடு, உணவு பற்றியும் பிள்ளை வளர்ப்பு பற்றியும் தொடர்ந்து கூடிப் பேசுவது. சில ஊர்களில் எதுவும் இல்லை. பணமும் பேச்சும் சேர்ந்த ஊர்களில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு நான்கு சதவீதப் புள்ளி குறைந்தது. பணம் மட்டும் கொடுத்த ஊர்களில் அந்த மாற்றம் தெரியவில்லை. வங்கதேசத்தில் நடந்த இதே மாதிரி ஆய்விலும் வடக்குப் பகுதியில் இதுதான் முடிவு.

எனக்குப் பிடித்த முடிவு இல்லை, ஆனாலும் மறைக்கக் கூடாது. பேச்சு பயனற்றது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் அங்கே நடந்த பேச்சு எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு முறை கொடுத்த தாள் இல்லை அது. மாதாமாதம், கர்ப்பத்திலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயதாகும் வரை, ஊரிலேயே கூடி, கையில் காசும் வைத்துக்கொண்டு பேசியது. கையில் காசு இருக்கும்போது “எதை வாங்கட்டும்?” என்ற கேள்விக்குப் பதில் உண்டு. காசு இல்லாதபோது அதே பேச்சு குற்றப்படுத்துவதாக மாறிவிடுகிறது. பிள்ளை எடை குறைந்து பிறந்தால் “தாள் கொடுத்தோமே, நீதான் சாப்பிடல” என்று ஆகிவிடும். அந்த அக்காவுக்கு இன்னொரு குற்றவுணர்ச்சியை அச்சடித்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

நாம் இருக்கும் ஊர்களில்

மியன்மார் மாதிரி நாட்டில் இப்படித்தான் என்று யாரும் நிம்மதியாக உட்கார வேண்டாம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயோடு தொடங்கி, 2018இல் 18,000 ரூபாய் வரை வளர்ந்தது, ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து. பெருமைப்படலாம். ஆனால் அதுவும் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். எங்கள் தெரு அக்கா தமிழ்நாட்டில் இருந்திருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இந்தியாவின் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. 2017இல் திட்டமாக வந்தபோது அது முதல் பிள்ளைக்கு மட்டும், 5,000 ரூபாய் என்று சுருங்கியது. மூன்றாவது பிள்ளைக்குப் பசி குறைவு என்று எந்த மருத்துவ நூலிலும் நான் படித்ததில்லை.

இலங்கை மலையகத்தில், 2016 ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாட்டுச் சராசரி 17 சதவீதம். தாய்மாருக்குத் திரிபோஷா கொடுக்கும் நாடு அது, 1973 முதல் கொடுக்கிறது. ஆனாலும் கொழுந்து பறிக்கிற கைக்குக் கூலி போதவில்லையென்றால் மாவுப் பொட்டலம் வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடும்.

பிரிட்டனில் இருக்கும் தோழர்களே, உங்கள் ஊரில் வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்குப் பாலும் பழமும் வாங்க ஓர் அட்டை கொடுக்கிறார்கள். 2021இல் வாரம் 3.10 பவுண்டிலிருந்து 4.25 ஆக்கினார்கள். அதை வாங்க முதலில் அரசு உதவி வாங்குகிறவராக இருக்க வேண்டும். விசாவில் “பொது நிதி இல்லை” என்று முத்திரை இருக்கும் பெண்ணில் பெரும்பாலோருக்கு அது எட்டாது. ஈஸ்ட் ஹாமில் கடை பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற தமிழ்ப் பெண்ணும் தாமுவேயில் இட்லி ஊற்றுகிற தமிழ்ப் பெண்ணும் ஒரே கேள்வியில் நிற்கிறார்கள்: உன் தாள் எங்கே? பசிக்கு முன்னால் தாள் கேட்கிற வழக்கம் ராணுவ ஆட்சிக்கு மட்டும் சொந்தமில்லை.

என் யோசனை

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, துண்டறிக்கைக்கு ஒதுக்கிய தொகையை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டாம். இந்தத் தெருக்களில் நமக்குத் தெரிந்த பெண்கள் வழியாக, சில கர்ப்பிணிகளுக்கு, பிரசவம் முடிந்து ஆறு மாதம் வரை, மாதாமாதம் கையில் காசாகக் கொடுப்போம். தொகை சிறியது, ஆட்களும் சிலர்தான் வருவார்கள். பரவாயில்லை. பாதியில் நிறுத்துவதைவிடக் குறைவான பேருக்கு முழுதாகக் கொடுப்பது மேல்.

இரண்டு, அடையாள அட்டை கேட்கக் கூடாது. எத்தனையாவது பிள்ளை என்று கேட்கக் கூடாது. எந்த மதம் என்று கேட்கக் கூடாது. இங்கே தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் பர்மியப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். “தமிழ்க் கர்ப்பிணிகளுக்கு” என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்ணைத் தாண்டிப்போய் நமக்கு மட்டும் கொடுத்தால், நம்மை வேறு வரிசையில் நிற்க வைக்கிற அரசின் வேலையை நாமே செய்கிறோம்.

மூன்று, படம் எடுக்கக் கூடாது. நன்கொடை கேட்கப் படம் வேண்டும் என்று சிலர் சொன்னீர்கள். இங்கே ஒரு படம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம். அது இல்லாவிட்டாலும், வயிற்றுப் பிள்ளைக்காரியின் படத்தை வைத்துக் காசு கேட்பது எனக்குக் கூசுகிறது.

நான்கு, பேச்சு வேண்டும். ஆனால் நாம் பேச வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பெண்களே யாராவது ஒருவர் வீட்டில் கூடட்டும். டீயோடு மாத்திரை போடக் கூடாது, ஒரு மணி நேரம் தள்ளிப் போடு என்பது போன்ற நாலு விஷயத்தை நான் சொல்கிறேன். எந்த நேரம் அவர்களுக்கு ஒத்துவரும், எந்தக் கடையில் பயறு மலிவு, கரியை யாரோடு பங்கிட்டுச் சமைக்கலாம் என்பதை அவர்கள் எனக்குச் சொல்வார்கள்.

ஐந்து, நீங்கள் இருக்கிற ஊரில் நிபந்தனையில்லாத மகப்பேறு உதவிக்காகப் போராடுகிறவர்களோடு போய் நில்லுங்கள். நாம் அனுப்பும் காசு தர்மம். அங்கே நீங்கள் மாற்றும் சட்டம் உரிமை. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டால், நாம் கோயில் அன்னதானக் கமிட்டிதான். அன்னதானம் கெட்டது என்று சொல்லவில்லை. அவர்களாவது சாப்பிட வந்தவரிடம் அட்டை கேட்பதில்லை.

அக்காவின் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேள்வி நேரத்தில் ஒரு தோழர் கேட்டார். “முட்டை வாங்குங்க அக்கா, தினமும் ஒண்ணு, நீங்களே சாப்பிடணும்” என்றேன். “சரி” என்றார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். முட்டையை நாலாக வெட்டி, இரண்டு பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் வைத்துவிட்டு, கடைசித் துண்டைத் தட்டில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே அதை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆகவே தொகையைக் கணக்குப் போடும்போது ஒரு முட்டை என்று போடாதீர்கள். நாலு என்று போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. துண்டறிக்கைதான் வேண்டும் என்று நினைக்கிற தோழர்கள் அதற்குள் எனக்கு எழுதுங்கள், வாதாடுவோம். கரண்ட் இருந்தால் அன்றைக்கே பதில் போடுகிறேன்.